உங்க வீட்டுல இந்த வாரம் என்ன பூத்துச்சு? என் மல்லி மொட்டெல்லாம் ஊதாவாகிக் கொட்டுது

சிரியம்_மருமகள் | ஜூன் 7

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல ரங்கூன் பக்கத்துச் சிரியத்திலிருந்து எழுதுறேன். போர்டுல தான்லின்னு மாத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு, எங்க வீட்டுல இன்னும் சிரியம்தான்.

இந்த வாரம் எங்க வாசல்ல நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி, வேலியில சங்குப்பூ. மழை பிடிச்சதும் சங்குப்பூ மட்டும் நிறுத்தாம பூக்குது. காலைல சாமிக்கு இதுவே போதும். ஆனா என் மனசு இதுல இல்லை.

கிணத்தடியில ஒரு குண்டுமல்லி இருக்கு. மாமியார் கல்யாணமாகி வந்த வருஷம் பெகுவுல அவங்க அம்மா வீட்டுலேருந்து பதியன் எடுத்துட்டு வந்து வச்சது. என் வீட்டுக்காரரை விட அதுக்கு வயசு அதிகம். சாயந்திரம் 4 மணிக்கு மேல மொட்டு பறிச்சு, விளக்கு ஏத்துறதுக்குள்ள கட்டி முடிச்சிடுவாங்க. நாருக்கு வாழை மட்டையைக் காய வச்சு அவங்களே உரிப்பாங்க. அவங்க போய் ரெண்டு வருஷம் ஆகுது. செடி எங்கிட்ட வந்திருக்கு.

இந்த வருஷம் மே கடைசி மழைக்கு அப்புறம் கொத்துக் கொத்தா மொட்டு விட்டுச்சு. சந்தோஷப்பட்டேன். நாலு நாள்ல மொட்டெல்லாம் ஊதா நிறமாகி, வாடி, தொட்டா கையோட வருது. ஒரு பூ கூட விரியல. தண்ணி அதிகமாயிடுச்சோ, உரம் பத்தலையோ, எனக்குப் பிடிபடல. தெரிஞ்சவங்க சொல்லுங்க. கூடவே உங்க வீட்டுல என்ன பூத்திருக்குன்னும் எழுதுங்க, படிச்சாவது மனசு ஆறும்.


பெகு_வேலியோரம் | ஜூன் 7

தங்கச்சி, பயப்படாதீங்க. மல்லி மொட்டு ஊதாவாக ரெண்டு மூணு காரணம் இருக்கு. அதைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் வைத்தியம் சொல்லணும். மூணு கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

மொட்டுல ஊசி குத்தின மாதிரி ஓட்டை தெரியுதா? பக்கத்து மொட்டுகளை நூல் மாதிரி ஏதாவது பின்னிப் பிடிச்சிருக்கா? மொட்டோட அடிப்பகுதி, காம்பு சேர்ற இடம், வீங்கின மாதிரி தடிச்சு இருக்கா?

அப்புறம் ஒரு மொட்டைக் கிள்ளி, நகத்தால நீளவாக்குல பிளந்து, வெள்ளைக் காகிதத்து மேல வச்சு வெளிச்சத்துல பாருங்க. அவசரமா மூடிடாதீங்க, அஞ்சு நிமிஷம் அப்படியே இருக்கட்டும்.

எங்க ஊர்ப் பதியன்னு சொன்னீங்க, அதனால கூடுதல் அக்கறையோட கேக்குறேன்.


தாம்வே_மூணாம்மாடி | ஜூன் 8

எனக்குத் தரை கிடையாது அக்கா. ரங்கூன் தாம்வேயில மூணாவது மாடி, நாலடி பால்கனி, கிழக்குப் பார்த்தது. காலைல ஒன்பது பத்து மணி வரைக்கும்தான் வெயில். அதனால மல்லிகையை விட்டுட்டு கனகாம்பரத்துக்கு மாறிட்டேன். அது அரை நிழல்லயும் பூக்கும்.

இப்ப எண்ணெய் டின்னுல ஆறு செடி. ஆரஞ்சு நாலு, மஞ்சள் ரெண்டு. வாசனை இல்லைன்னு எல்லாரும் சொல்வாங்க. வாடாதுன்னு நான் சொல்வேன். வெள்ளிக்கிழமை கட்டினது ஞாயித்துக்கிழமையும் தலையில அப்படியே இருக்கும்.

என் பையனுக்கு ஆறு வயசு. காஞ்ச கனகாம்பரக் கதிரை எடுத்து எச்சில் தொட்டு உள்ளங்கையில வச்சுக்குவான். ஒரு பத்து எண்ணுறதுக்குள்ள நெத்து படார்னு வெடிச்சு விதை கன்னத்துல வந்து அடிக்கும். நானும் சின்ன வயசுல இதைத்தான் செஞ்சேன். ஈரம் பட்டாத்தான் வெடிக்கும்ங்கிறதால மழைக்காலத்துல பக்கத்துத் தொட்டி எல்லாத்துலயும் குட்டிக் கனகாம்பரம் முளைச்சு நிக்குது. பிடுங்க மனசு வரல, வேணும்கிறவங்களுக்குக் கொடுக்கிறேன்.

ஒரு வருத்தம். கரண்ட் போற நேரத்துல மோட்டார் ஓடாது, மேல தண்ணி ஏறாது. கோடையில ரெண்டு தொட்டி ரோஜாவை அப்படித்தான் இழந்தேன். இப்ப மழைத்தண்ணியை வாளியில பிடிச்சு வைக்கிறேன். ரெண்டு நாளைக்கு மேல வைக்கிறதில்லை, டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும்.


மோல்மேன்_பெரியவர் | ஜூன் 8

அன்புடையீர், மோல்மேனிலிருந்து எழுதுகிறேன். எழுபது வயதைத் தாண்டியவன், தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூனில் வருடத்துக்கு 2,700 மில்லிமீட்டர் அளவு மழை. எங்கள் ஊரில் அது 4,500ஐத் தாண்டும். ஜூலை, ஆகஸ்டில் துணி காய்வதே அபூர்வம். எனவே இங்கே மல்லி வளர்ப்பவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது தண்ணீரை வடிப்பது. நான் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை கட்டி, அடியில் செங்கல் துண்டும் தேங்காய் மட்டையும் போட்டு, அதன்மேல் மண் நிரப்பி நட்டிருக்கிறேன். அப்படியும் ஆடியில் இலை மஞ்சளாகிவிடும். வேர் மூச்சுத் திணறினால் இலை மஞ்சளாகும். அதை உரப் பற்றாக்குறை என்று எண்ணி மேலும் உரம் கொட்டுகிறவர்கள் உண்டு. பாவம் அந்தச் செடி.

என் தோட்டத்தின் பெருமை மல்லி அல்ல. ஆம்ஹர்ஸ்டியா என்ற மரம். வெள்ளைக்காரர்கள் 'பர்மாவின் பெருமை' என்று அழைத்தது இதைத்தான். கிளையிலிருந்து சரவிளக்குப்போல் தலைகீழாகத் தொங்கும் செந்நிறப் பூங்கொத்து, இதழ் நுனியில் மஞ்சள் பொட்டு. 1820களில் தாவரவியலாளர் நத்தானியேல் வாலிக் எங்கள் சால்வீன் ஆற்றங்கரையில், ஒரு மடத்துத் தோட்டத்தில் இதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அப்போதைய கவர்னர் ஜெனரலின் மனைவி ஆம்ஹர்ஸ்ட் சீமாட்டியின் பெயரை வைத்தார். இங்கிலாந்தில் இது முதன்முதலாகப் பூத்தது 1849இல், கண்ணாடி வீட்டுக்குள். எனக்கோ கொல்லைப்புறத்தில் பூக்கிறது. காட்டில் இதைக் காண்பது மிக அரிது. தோட்டங்களிலும் மடங்களிலும் வைத்துக் காத்தவர்களால்தான் இது பிழைத்திருக்கிறது.

இளந்தளிரைப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையின் கைபோலச் சுருங்கி, வெண்கலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் துவண்டு தொங்கும். வாடிவிட்டது என்று எண்ணி முதல் வருடம் நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். அதன் இயல்பே அதுதான். சில நாளில் நிமிர்ந்து பச்சையாகிவிடும்.


சிரியம்_மருமகள் | ஜூன் 9

பெகு அண்ணே, நீங்க சொன்னபடியே செஞ்சேன். ஓட்டை இல்லை. நூலும் இல்லை. அடியில லேசா வீங்கித்தான் இருக்கு. ஒரு மொட்டைப் பிளந்து காகிதத்துல வச்சேன், முதல்ல ஒண்ணும் தெரியல. கொஞ்ச நேரத்துல இதழ் மடிப்புக்குள்ளேருந்து வெள்ளையா, அரிசி நொய்யை விடச் சின்னதா, ஒண்ணு நெளிஞ்சு வந்துச்சு. அப்புறம் இன்னும் மூணு. ஒரே மொட்டுல நாலு. உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

அதே மாதிரி பத்து மொட்டு பிளந்தேன். எட்டுல இருந்துச்சு.


பெகு_வேலியோரம் | ஜூன் 9

அப்ப இது மொட்டு ஈ. மொட்டுப்புழுன்னா பச்சையா, தலை கறுப்பா ஒரு புழு இருக்கும், ஓட்டை போட்டுத் தின்னும், மொட்டுகளை நூலால பின்னும். இது வேற. கொசுவை விடச் சின்ன ஈ மொட்டுக்குள்ள முட்டை போடுது, புழு உள்ளேயே சாறை உறிஞ்சுது. மொட்டு ஊதாவாகிக் கீழே விழும், புழு மண்ணுக்குள்ள இறங்கிக் கூடு கட்டும், மறுபடி ஈயா வரும். மழை ஈரம் அதுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதனால மருந்து செடிக்கு மேல இல்லை, செடிக்குக் கீழே இருக்கு. தினம் காலைல ஊதா மொட்டு அத்தனையும் பறிங்க, கீழே விழுந்ததையும் ஒண்ணு விடாமப் பொறுக்குங்க. குப்பையில போடாதீங்க. சோப்புத் தண்ணியில ரெண்டு நாள் ஊறப் போடுங்க, இல்லைன்னா எரிச்சிடுங்க. செடி அடியில மேல் மண்ணை ரெண்டு விரல்கடை ஆழத்துக்குக் கொத்திக் கிளறி, வேப்பம் புண்ணாக்கு ரெண்டு கைப்பிடி போட்டுக் கலந்து விடுங்க. வாரம் ஒரு தடவை வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, ரெண்டு சொட்டு சோப்பு சேர்த்து, சாயந்திரம் மழை இல்லாத நேரமாப் பாத்து அடிங்க.

மூணு வாரம் விடாமச் செய்யணும். ஒரு வாரத்துல பலன் தெரியலைன்னு விட்டீங்கன்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இன்னொண்ணு, அந்தக் கிணத்தடியில வெயில் எவ்வளவு?


இன்சீன்_ரோஜா | ஜூன் 10

இவ்வளவு கஷ்டம் எதுக்கு அக்கா? கடையில பூச்சி மருந்து ஒரு புட்டி வாங்கி அடிச்சா ரெண்டே நாள். நான் ரோஜாவுக்கு அதான் அடிக்கிறேன், பூச்சியே இல்லை.


தாம்வே_மூணாம்மாடி | ஜூன் 10

ரோஜா தம்பி, அது மல்லி. தலையில வைக்கிறது, சாமிக்குப் போடுறது, பிள்ளைங்க மோந்து பாக்கிறது. சாயந்திரம் மொட்டு பறிச்சு ராத்திரி தலையணையில வச்சுத் தூங்குறோம். அதுல மருந்து அடிச்சுட்டு எத்தனை நாள் காத்திருக்கணும்னு அந்தப் புட்டியில நமக்குப் புரியிற பாஷையில எழுதியிருக்கா? போன வருஷம் எனக்கு ஒரு கடையில கொடுத்த மருந்துல சீட்டே ஒட்டல. வாங்கினது என் தப்பு, கேக்காம அடிச்சதும் என் தப்பு. மறுநாள் காலைல பால்கனியில அஞ்சு தேனீ செத்துக் கிடந்துச்சு. அப்புறம் நான் அந்தப் பக்கமே போகல.


இன்சீன்_ரோஜா | ஜூன் 10

தேனீயை நான் யோசிக்கல அக்கா. எங்க வீட்டு ரோஜாவும் வாசலுக்குத்தான் போகுது, தலைக்குப் போறதில்லை. ஆனாலும் வேப்பெண்ணெய் ஒரு தடவை போட்டுப் பாக்கிறேன். மேல் பர்மாப் பக்கத்திலிருந்து வேப்பெண்ணெய் நல்லாவே வருது, மந்தலை, பக்கான் பக்கமெல்லாம் ரோட்டோரம் வேம்புதானே.


சிரியம்_மருமகள் | ஜூன் 10

அண்ணே, வெயில் கேட்டீங்க. முன்னாடி காலைலேருந்து சாயந்திரம் வரைக்கும் வெயில்தான். ரெண்டு வருஷத்துல பக்கத்துல இருந்த மாங்கன்னு பெரிசாகி எங்க பக்கம் சாஞ்சிருச்சு. இப்ப மூணு மணி நேரம் கிடைச்சா அதிகம். நீங்க கேட்ட பிறகுதான் அண்ணாந்து பாத்தேன். மாமியார் இருந்திருந்தா இவ்வளவு விட்டிருக்க மாட்டாங்க.


பெகு_வேலியோரம் | ஜூன் 11

மாங்கிளையைக் கழிச்சு விடுங்க. மல்லிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும். நிழல்ல ஈரம் காயாது, ஈயும் அங்கேயே தங்கும்.

செடியை ஒட்ட வெட்டுற வேலையை இப்ப வச்சுக்காதீங்க. அது நவம்பர் கடைசி, மழை நின்ன பிறகு. தரையிலேருந்து ஒன்றரை அடி விட்டு மேல எல்லாத்தையும் வெட்டி, இலையை உருவி, தொழு உரம் வச்சா மாசியிலேருந்து மொட்டு வரும். மல்லி புதுத் தளிர்லதான் பூக்கும், பழைய கொம்பை வச்சுக்கிட்டு இருந்தா இலைதான் மிஞ்சும்.


வியாசர்பாடி_பேத்தி | ஜூன் 13

வணக்கம். நான் சென்னை வியாசர்பாடி. எங்க பாட்டி ரங்கூன்ல கெமண்டைன்ல பிறந்து வளர்ந்தவங்க. 1964ல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்ட பிறகு, மறு வருஷம் கப்பல்ல வந்தாங்க. இப்ப வயசு 84. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் நல்லா இருக்கு.

அவங்க அடிக்கடி ஒரு பூ பத்திச் சொல்றாங்க. "ரங்கூன் பூ" ன்னு மட்டும்தான் சொல்வாங்க. மஞ்சளா இருக்கும், பர்மாக்காரப் பொண்ணுங்க கொண்டையில வைப்பாங்க, தெருவே மணக்கும், இங்க கிடைக்காதுன்னு சொல்றாங்க. இந்த இழையைப் படிச்சதும் உங்ககிட்ட கேக்கலாம்னு தோணுச்சு. என்ன பூவா இருக்கும்?


இன்சீன்_ரோஜா | ஜூன் 13

இதுல சந்தேகமே வேண்டாம், பிடாவ்! திஞ்சான் சமயத்துல, அதாவது நம்ம சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி, முதல் மழை ஒண்ணு விழும். மறுநாள் காலைல மரம் முழுக்க மஞ்சள். இலையே தெரியாது. ஒரே நாள்தான், அடுத்த நாள் ரோடெல்லாம் மஞ்சள் பாய் விரிச்ச மாதிரி கொட்டிக் கிடக்கும். எல்லாப் பொண்ணுங்க தலையிலயும், பஸ் முன்னாடியும், கடை வாசல்லயும் ஒரு கொத்து இருக்கும்.


மோல்மேன்_பெரியவர் | ஜூன் 14

பிடாவ் நம் வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு. தமிழ்நாட்டு மலைகளில் வேங்கை பூத்துக் கரும்பாறைமேல் உதிர்ந்தால், படுத்திருக்கும் புலிக்குட்டி என்று மயங்குவதாகச் சங்கப் புலவர்கள் பாடினார்களே, அந்தப் பொன்னிறம்தான் இங்கே சித்திரையில் தெருவுக்கு வருகிறது. வேங்கை பூத்தால் மணநாள் என்பது அந்தக் காலத்துக் குறிஞ்சி நில வழக்கம். பிடாவ் பூத்தால் புத்தாண்டு என்பது இங்குள்ள வழக்கம். பாட்டி சொல்வது அதுவாக இருக்கலாம். ஒரு படம் காட்டிப் பாருங்கள் அம்மா.


மேமியோ_குளிர் | ஜூன் 15

பேத்திம்மா, பர்மாவுல மாசத்துக்கு ஒரு பூன்னு கணக்கு உண்டு. சித்திரைக்கு நாகப்பூ, அடுத்த மாசம் சண்பகம், அதுக்கடுத்து மல்லி, அப்புறம் புன்னை. மார்கழி வாக்குல தசின்னு ஒரு சின்ன வெள்ளை ஆர்க்கிட். மாசி பக்கம் பலாசம். சண்பகமும் மஞ்சள்தான், கொண்டையில வைக்கிறதுதான், தெருவே மணக்கும். அதையும் கேட்டுப் பாருங்க.

இங்க மேமியோவுல 3,500 அடி உயரம். ரங்கூன் பூக்கடையில நீங்க பாக்கிற செவ்வந்தி, கிளாடியோலஸ், ஆஸ்டர் எல்லாத்துலயும் பெரும்பங்கு எங்க பக்கத்துலேருந்து இறங்குறது. 1915ல தொடங்கின பெரிய பூங்கா ஒண்ணு இங்க இருக்கு, ஏரிக்கரையில. நான் வாரம் ஒரு நாள் போவேன். எங்க வீட்டுல இப்ப ஹைட்ரேஞ்சியா நீலமா பூத்து நிக்குது. என் தம்பி கலோவுலேருந்து அதே செடியில கொம்பு வாங்கிட்டுப் போய் வச்சான், அங்க ரோசாப்பூ நிறத்துல பூத்துச்சு. மண்ணுல புளிப்பு கூடினா நீலம், குறைஞ்சா ரோஸ். ஒரே செடி.


வியாசர்பாடி_பேத்தி | ஜூன் 17

எல்லாருக்கும் நன்றி. பிடாவ் படத்தைக் காட்டினேன். பாட்டி கையில வாங்கிப் பாத்துட்டு, "இது திஞ்சான் பூ. அழகா இருக்கும். நான் சொல்றது இது இல்ல" ன்னாங்க. சண்பகமும் இல்லையாம். "அது நம்ம ஊர்லயும் இருக்கே" ன்னு சொல்லிட்டாங்க.

அப்புறம் நானே கிட்ட உக்காந்து மெதுவா ஒவ்வொண்ணாக் கேட்டேன். இப்படிச் சொன்னாங்க: மரத்துல பாத்ததில்லை, கோத்த சரமாத்தான் பாத்திருக்காங்க. சரம் சரமா ஒரு குச்சியில தொங்க விட்டு ஒருத்தி வீட்டு வாசலுக்கு வருவா. "காயே, காயே" ன்னு கூவுவா. வாங்கும்போது வெளிறின நிறம், காயக் காயப் பழுப்பு மஞ்சள். கப்பல்ல வரும்போது டிரங்குப் பெட்டியில புடவைக்கு நடுவுல ஒரு சரம் வச்சிருந்தாங்களாம். இங்க வந்து முகாம்ல பெட்டியைத் திறந்தப்ப பூ சருகா இருந்துச்சு, வாசனை மட்டும் அப்படியே இருந்துச்சாம்.


மோல்மேன்_பெரியவர் | ஜூன் 17

அம்மா, கிடைத்துவிட்டது. காயே என்றால் மகிழம்பூ.

காய்ந்தபின்னும் மணம் போகாத பூ அது. மரத்தில் ஏறிப் பறிக்க மாட்டார்கள். இரவில் விரிந்து விடியலில் தானே உதிரும், கீழே பொறுக்குவார்கள். ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய நட்சத்திரம், ஓரமெல்லாம் மெல்லிய கீற்றுகள், நடுவில் இயற்கையாகவே ஒரு துளை. சூல் கிளையிலேயே நின்றுவிட, இதழ் வட்டம் மட்டும் கழன்று விழுவதால் உண்டாகும் துளை அது. எனவே கோக்க ஊசியே தேவையில்லை. நாரை அந்தத் துளையில் விட்டால் போதும். இன்றும் ரங்கூன் தெருக்களில் அப்படித்தான் கோத்து விற்கிறார்கள்.

இதில் இன்னொரு செய்தி உண்டு. நீங்கள் இருப்பது வியாசர்பாடி. பக்கத்தில் திருவொற்றியூர் தியாகராசர் கோயில். அங்கே தலமரமே மகிழம்தான். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது அந்த மகிழடியில் என்பது வரலாறு, மாசியில் மகிழடி சேவை என்று விழாவே நடக்கிறது. பாட்டியை ஒருநாள் காலையில் அழைத்துப் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போங்கள், பெருக்கி விடுவார்கள்.


தாம்வே_மூணாம்மாடி | ஜூன் 18

ஐயா, படிச்சதும் நேரா கீழே இறங்கிப் போய் முக்குல ஒரு காயே சரம் வாங்கிட்டு வந்தேன். தினமும் பாக்கிறேன், ஊசி இல்லாமக் கோத்ததுன்னு இன்னைக்குத்தான் கவனிச்சேன்.

பேரைப் பத்திப் பேசுறோம், அதனால கேக்குறேன். எங்க கட்டடத்துச் சுவர்ல கீழ்வீட்டுக்காரங்க ஒரு கொடி ஏத்தியிருக்காங்க. சாயந்திரம் வெள்ளை, மறுநாள் ரோஸ், அதுக்கு மறுநாள் சிவப்பு, ஒரே கொத்துல மூணு நிறமும். ஊர்ல சொந்தக்காரங்க ரங்கூன் மல்லின்னு சொல்றாங்க. இங்க பர்மாக்காரங்க அதை ரங்கூன் பேர்ல கூப்பிடுறதே இல்லையே?


பெகு_வேலியோரம் | ஜூன் 18

அதை இங்க டவாய் ஊர்ப் பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுறாங்க. தமிழ்நாட்டுக்கு அது ரங்கூன்லேருந்து வந்த பூ, ரங்கூனுக்கு அது டவாய்லேருந்து வந்த பூ. டவாய்ல என்ன பேர்னு யாராவது அங்க இருக்கிறவங்க சொன்னா நல்லா இருக்கும்.

கோயில் வாசல்ல நிக்குதே, பால் வடியிற, அஞ்சிதழ் வெள்ளைப் பூ, அதை நம்மாளுங்க ஈழத்தலரின்னு சொல்வாங்க, பர்மாக்காரங்க சீனச் சண்பகம்னு சொல்றாங்க. அது ஈழமும் இல்லை சீனாவும் இல்லை, மத்திய அமெரிக்காவுலேருந்து வந்தது. செண்டுப்பூவும் அந்தப் பக்கம்தான், மெக்சிகோ. வந்த செடியெல்லாம் இங்க நம்மோட பூவாயிடுச்சு.

அந்த மூணு நிறக் கொடி ராத்திரி வெள்ளையா விரியறது அந்துப்பூச்சிக்காக. இருட்டுல வெள்ளைதானே தெரியும். பகல்ல நிறம் மாறினதும் தேனீயும் தேன்சிட்டும் வரும். வைக்க நினைச்சா ஒண்ணு கவனிங்க, வேர்லேருந்து குட்டி விட்டுப் பரவும். உதிர்ந்த இலைக்காம்பு தண்டுலயே தங்கி முள்ளா மாறும். வாசப்படி ஓரமா வைக்காதீங்க, பிள்ளைங்க கை கிழிஞ்சுடும்.


இன்சீன்_ரோஜா | ஜூன் 22

செம்பருத்தியில வெள்ளையா பஞ்சு மாதிரி அப்பியிருக்கு, மாவுப்பூச்சின்னு நினைக்கிறேன். வேப்பெண்ணெய் அடிச்சும் திரும்ப வருதே?


பெகு_வேலியோரம் | ஜூன் 22

எறும்பு ஏறுதா பாருங்க தம்பி. மாவுப்பூச்சி விடுற இனிப்பை நக்க எறும்புதான் அதைக் காவல் காத்து, கிளைக்குக் கிளை தூக்கிட்டுப் போகும். முதல்ல தண்ணியைப் பீச்சி அடிச்சுக் கழுவுங்க, அப்புறம் தண்டுல எறும்பு ஏறாதபடி துணியில கிரீஸ் தடவிக் கட்டுங்க. எறும்பு நின்னா பூச்சி தானாக் குறையும்.


வியாசர்பாடி_பேத்தி | ஜூன் 29

ஐயா, போயிட்டு வந்தோம்.

காலைல 6 மணிக்கு ஆட்டோ பிடிச்சோம். பாட்டி இந்தக் கோயிலுக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல போயிட்டு வர்றவங்க. மரத்தைச் சுத்தி வந்து கும்பிட்டிருக்காங்க. ஆனா எப்பவும் பகல்ல, கூட்டத்துல. தரையில பூ கிடந்து அவங்க பாத்ததே இல்லையாம்.

நேத்து கொஞ்சம்தான் கிடந்துச்சு, இருபது முப்பது இருக்கும். நான் நாலு பூவைப் பொறுக்கி அவங்க கையில வச்சேன். கண்ணு சரியாத் தெரியாததால மூக்குக்கிட்ட கொண்டு போனாங்க. "காயே" ன்னாங்க. அப்புறம் என்னைப் பாத்து பர்மிய மொழியில ஏதோ கேட்டாங்க. எனக்குப் புரியல. அவங்க எங்கிட்ட அந்த மொழியில பேசினது அதுதான் முதல் தடவை.

முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வந்தாங்க. இப்ப அவங்க மாத்திரைப் பெட்டியில இருக்கு.


மோல்மேன்_பெரியவர் | ஜூன் 29

நன்றி அம்மா. என் அக்காவும் 1965இல் கப்பலேறியவர். அவருக்கும் இந்தப் பூ பிடிக்கும்.


சிரியம்_மருமகள் | ஜூலை 9

ரெண்டு நாளா இதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். பாட்டிக்கு என் வணக்கம் சொல்லுங்க பேத்திம்மா.

என் மல்லி சமாச்சாரம். மாங்கிளையைக் கழிச்சாச்சு, பக்கத்து வீட்டு அம்மா சந்தோஷமாவே சம்மதிச்சாங்க, அவங்களுக்கும் கூரையில இலை அடைக்குதாம். தினமும் காலைல ஊதா மொட்டு பொறுக்கினேன். முதல் வாரம் ஒரு சிரட்டை நிறைய. ரெண்டாவது வாரம் அரைச் சிரட்டை. மூணாவது வாரம் பத்துப் பதினைஞ்சு. பிடிச்ச மழையில வேப்பெண்ணெய் ரெண்டு தடவைதான் அடிக்க முடிஞ்சுது, ஆனா மண்ணைக் கிளறுறதை நிறுத்தல.

நேத்து சாயந்திரம் மழை விட்ட நேரத்துல 41 மொட்டு பறிச்சேன். எல்லாம் வெள்ளை, அடியில பச்சை. ஒண்ணைப் பிளந்து பாக்கலாம்னு நகத்தை வச்சேன், மனசு வரல. அப்படியே கட்டிட்டேன். எனக்கு மாமியார் அளவுக்கு நெருக்கமாக் கட்ட வராது, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாத்தான் வந்துச்சு. அவங்க படத்துக்குப் போட்டேன். ராத்திரி 9 மணிக்கு விரிஞ்சுது. கரண்ட் இல்லை, இருட்டுல வாசனையை வச்சுத்தான் தெரிஞ்சுது.

அண்ணே, இதுல பதியன் போடலாம்னு ஆசையா இருக்கு. மொட்டு ஈ அதோட கூடவே போயிடுமா?


பெகு_வேலியோரம் | ஜூலை 9

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. பதியனுக்கு இதுதான் நேரம். ஈ தண்டுல இருக்காது, மண்ணுல இருக்கும். அதனால கிணத்தடி மண்ணுல புதைக்காதீங்க. தனித் தொட்டியில புது மண்ணும் மணலும் கலந்து பக்கத்துல வச்சு, நீளமான கிளையை வளைச்சு, கணுவுக்குக் கீழே லேசா சீவி, தொட்டிக்குள்ள புதைச்சு மேல ஒரு கல் வையுங்க. வேர் பிடிக்க மூணு மாசம் வாக்குல ஆகும். அவசரப்பட்டு இழுத்துப் பாக்காதீங்க. நவராத்திரி வாக்குல தாய்ச்செடியிலேருந்து வெட்டலாம்.


சிரியம்_மருமகள் | ஜூலை 12

ஆறு தொட்டி வச்சாச்சு. ஒண்ணு பெகுவுக்கு, அது அண்ணனுக்கு. வந்த ஊருக்கே திரும்பிப் போகட்டும். நவராத்திரியில ரங்கூன் காளி கோயிலுக்கு நான் வருவேன், மீதி அஞ்சையும் அங்க கொண்டு வர்றேன். 1871லேருந்து நம்மாளுங்க கூடுற இடம், தேட வேண்டியதில்லை. வேணும்கிறவங்க இங்கேயே எழுதிடுங்க.


தாம்வே_மூணாம்மாடி | ஜூலை 12

எனக்கு வெயில் பத்தாதுன்னு தெரியும், ஆனாலும் ஒண்ணு. மொட்டை மாடியில வைக்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டிருக்கேன். பதிலுக்கு மஞ்சள் கனகாம்பரம் ரெண்டு கொண்டு வர்றேன்.


இன்சீன்_ரோஜா | ஜூலை 13

எனக்கும் ஒண்ணு அக்கா. மருந்து அடிக்க மாட்டேன்.


மோல்மேன்_பெரியவர் | ஜூலை 13

என்னால் ரங்கூன் வர இயலாது. ஒன்றை எனக்கென்று ஒதுக்கினால், வரும் போகும் நம் ஆட்களிடம் சொல்லி வாங்கிக்கொள்வேன். மேடையில் இடம் இருக்கிறது.